பூங்காவில் ஒலித்த இசை – மாநகராட்சியும் கலை வளர்ச்சியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

மாநகராட்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன எவை? குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி, சாக்கடை, வீட்டுவரி இரசீது, பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ். பிறந்தது முதல் இறப்பது வரை நம்மைக் கணக்கில் வைத்திருக்கும் அந்த அலுவலகத்திற்கும், இடையில் நாம் பாடுவதற்கும் ஆடுவதற்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? உண்டு என்பதே என் கருத்து. அந்தத் தொடர்பு நம் சென்னை நகரில் ஒரு காலத்தில் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதையும், இன்று அதை எவ்வாறு மீட்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கலைகளைப் பண்டைக் காலத்தில் மன்னர்கள் காத்தனர். கோயில்கள் இசை வாணர்க்கும் ஆடல் மகளிர்க்கும் நிலம் தந்தன. பிறகு ஜமீன்தார்கள் வந்தனர். அவர்களுக்குப் பின் சபாக்கள் வந்தன. 1928-இல் சென்னையில் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் மாநில அரசு, இன்று இயல் இசை நாடக மன்றம் என வழங்கும் அமைப்பை 1955-இல் நிறுவியது. இந்த வரலாற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் நகரை ஆளும் மாநகராட்சி இவற்றுக்கிடையே ஆற்றிய பணியை எவரும் அதிகமாகப் பேசுவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியது. இந்தியாவிலேயே மிகப் பழைய மாநகராட்சி இதுவே. அதன் கடமைகளை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு சட்டங்கள் வரையறுத்து வந்துள்ளன. இவற்றுள் நாம் முக்கியமாக அறிய வேண்டியது, 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தமாகும். அத்திருத்தம் அரசியலமைப்பில் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்கள் அதில் உள்ளன. குடிநீர், சாலை, துப்புரவு, தீயணைப்பு ஆகியவற்றோடு 12-ஆவதாகப் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் இடம்பெறுகின்றன. 13-ஆவதாகப் பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்த்தல் இடம்பெறுகிறது.

பூங்காவும் பண்பாடும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இக்கட்டுரை சொல்ல வரும் கருத்தே அந்த அண்மையில்தான் இருக்கிறது. ஒரு மாநகராட்சி கலைக்குத் தரக்கூடிய மிகப் பெரிய கொடை விருதோ பொன்னாடையோ அன்று. கட்டணமில்லாத பொது இடமே. விருது ஒருவருக்குப் போகும். இடமோ பாடுபவர்க்கும் கேட்பவர்க்கும் ஒருங்கே பயன்படும்.

எட்டணா வாடகை

இதற்கு முதற் சான்று விக்டோரியா பொது மண்டபம். சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு அடுத்து, ரிப்பன் மாளிகைக்கு அருகே செந்நிறத்தில் நிற்கும் அக்கட்டடத்தை நம்மில் பெரும்பாலோர் பேருந்திலிருந்தே பார்த்திருப்போம். அதற்கான நிலத்தை அன்றைய நகராட்சி பீப்பிள்ஸ் பார்க் பூங்காவிலிருந்து பிரித்துக் கொடுத்தது. 57 கிரவுண்டு நிலம். 1886 முதல் 99 ஆண்டுகளுக்குக் குத்தகை. கிரவுண்டு ஒன்றுக்கு ஆண்டு வாடகை எட்டணா. கணக்கிட்டுப் பார்த்தால் முழு நிலத்துக்கும் ஆண்டுக்கு இருபத்தெட்டரை ரூபாய்தான்! கட்டடச் செலவைப் பொதுமக்களும் பெருந்தனக்காரர்களும் ஏற்றனர். இராபர்ட் சிஷோம் வரைபடம் வரைந்தார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார்.

அந்த எட்டணா வாடகையால் விளைந்த பயன் என்ன? 1891-இல் தோன்றிய சுகுண விலாச சபையார் பல ஆண்டுகள் இம்மண்டபத்தில் நாடகங்களை நடத்தினர். நாடகம் என்றால் கூத்தாடிகள் தொழில் என்று இகழ்ந்த காலத்தில், வழக்கறிஞரான பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய நண்பர்களும் வேடமிட்டு ஏறிய மேடை அது. சென்னை மக்கள் சலனப் படம் என்னும் புதுமையை முதன்முதலில் கண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. நிலம் தந்ததோடு நகராட்சி விலகி நின்றது; கலை தானே வளர்ந்தது.

அம்மண்டபமே பின்னர் பல ஆண்டுகள் கலை நிகழ்ச்சி எதுவும் இன்றிப் பாழடைந்து கிடந்தது. மாநகராட்சி அதைப் புதுப்பிக்கும் பணியை 2023-இல் தொடங்கியது. இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை ஒன்று உண்டு: கலைக்கு இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது; அந்த இடத்தில் விளக்கு எரிகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கவும் வேண்டும்.

ரிப்பன் மாளிகை வானொலி

மாநகராட்சி விலகி நில்லாமல் தானே களத்தில் இறங்கிய வரலாறு இதைவிடச் சுவையானது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு சிறிதன்று.

1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப் என்னும் சங்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. முதலில் அவர்கள் பயன்படுத்தியது 40 வாட் ஒலிபரப்பி. பிறகு 200 வாட் ஒலிபரப்பி. இன்று நம் வகுப்பறையில் மூன்று மின்விசிறிகள் சுழலத் தேவையான மின்திறனைவிட இது குறைவு. அத்துணைச் சிறு கருவியைக் கொண்டு ஒரு நகரத்துக்கே இசையும் சொற்பொழிவும் வழங்கினர். ஆனால் பணம் போதவில்லை. 1927-இல் கிளப் மூடப்பட்டது. ஒலிபரப்பி மாநகராட்சியின் கைக்கு வந்தது.

பழைய கருவி ஒன்று இலவசமாகக் கிடைத்தால் ஓர் அலுவலகம் என்ன செய்யும்? கிடங்கில் போட்டுப் பூட்டிவிடும். சென்னை மாநகராட்சி அவ்வாறு செய்யவில்லை. 1930 ஏப்ரல் முதல் நாள் அது தன் சொந்த வானொலிச் சேவையைத் தொடங்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலி நடத்திய தனியார் நிறுவனம் நொடித்துப்போய், இந்திய அரசு அதை ஏற்ற காலமும் அதுவே. தனியார் முடியாது என்று கைவிட்ட தொழிலை, சாக்கடையும் விளக்கும் பார்க்கும் ஒரு நகர மன்றம் துணிந்து எடுத்தது.

நிகழ்ச்சிகள் எப்படி அமைந்தன? மாலை 5.30 முதல் 7.30 வரை இசை. பள்ளி நாள்களில் மாலை 4 மணி முதல் அரை மணி நேரம், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப் பாடமும் கதையும். ஞாயிறு, விடுமுறை நாள்களில் காலையில் கிராமபோன் இசைத்தட்டுகள். யாருக்காக இந்தச் சேவை என்பதை இந்த அட்டவணையே சொல்லிவிடுகிறது. வேலை முடிந்து வருபவர்க்கு மாலை; ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம்.

இங்கே ஒரு கேள்வி எழும். அக்காலத்தில் வானொலிப் பெட்டி வாங்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்? பெட்டியின் விலை ஒருபுறமிருக்க, ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டும். கூலி வேலை செய்பவர் வீட்டில் அது நடவாத காரியம். இதற்கு மாநகராட்சி கண்ட வழிதான் இந்த வரலாற்றின் சிகரம். மெரீனா கடற்கரை, உயர் நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், இராயபுரத்து ராபின்சன் பூங்கா ஆகிய பொது இடங்களில் ஒலிபெருக்கிகளை அமைத்தது. பின்னாளில் 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்ததும், இன்று அறிஞர் அண்ணா பூங்கா எனப்படுவதும் அந்த ராபின்சன் பூங்காவே. சபாவுக்குச் சீட்டு வேண்டும். வானொலிக்குப் பெட்டி வேண்டும். பூங்காவுக்கோ காது மட்டும் போதும்.

1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. மாநகராட்சியின் சேவை அத்துடன் முடிவுற்றது. எட்டு ஆண்டுகளே நடந்த சேவைதான். ஆயினும் பூங்காவில் ஒலிபெருக்கி வைத்து வானொலி கேட்கச் செய்யும் வழக்கம் தமிழகத்தின் பல ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது. அதை நினைவுகூர்பவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஒரு காதின் வரலாறு

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றை நான் கைப்பேசியில் ஓடவிட்டால், சிறிது நேரம் கேட்டுவிட்டு, “இது காருகுறிச்சியார்” என்று சொல்லிவிடுவார். எங்கே கற்றார்? அவர் எந்தச் சபாவின் வாசற்படியையும் மிதித்ததில்லை. 1960-களில் வேலை முடிந்து வரும் வழியில் பூங்காவில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டதுதான் அவர் பெற்ற இசைக் கல்வி. “அங்க யாரும் சீட்டு கேக்க மாட்டாங்கடா. வேர்வையோட போயி உக்காந்துக்கலாம்” என்பார்.

அவரிடமிருந்து அந்தக் காது என் தந்தைக்கு வந்தது. என் தந்தை திருமண ஊர்வலங்களில் வாசிக்கும் பேண்டு குழுவில் டிரம்பெட் கலைஞர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்றால், வாத்தியத்தைக் கையில் எடுத்த முதல் ஆள் அவர். அவருடைய குழுவில் எட்டுப் பேர். முகூர்த்த நாளில் எல்லோரும் அவர்களைத் தேடுவார்கள். மற்ற நாள்களில் அவர்கள் கூடிப் பயிற்சி செய்ய ஓர் இடம் கிடையாது. எங்கள் வீடு ஒரே அறை. மொட்டை மாடியில் வாசித்தால் அக்கம்பக்கத்தார்க்குத் தொல்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு மண்டபத்தில் கேட்டபோது அவர்கள் சொன்ன ஒருநாள் வாடகை, குழுவின் ஒரு நிகழ்ச்சி ஊதியத்தையே விழுங்கிவிடும் அளவு இருந்தது. ஆகவே இப்போது மேம்பாலத்துக்கு அடியில், வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே பயிற்சி நடக்கிறது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஊர்வலங்களே இல்லாமற் போயின. டிரம்பெட் அலமாரியின் மேல் ஏறியது. குழுவிலிருந்து அன்று வேறு வேலைக்குப் போன இருவர் இன்றுவரை திரும்பவில்லை.

இதை நான் இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. நகரின் பொது இடம் ஒன்று ஒரு தலைமுறைக்குக் காதைத் தந்தது. அடுத்த தலைமுறைக்குத் தொழிலைத் தந்தது. மூன்றாம் தலைமுறையில் அந்த இடம் இல்லை. கலை அழிவது என்பது இவ்வாறு ஓசையில்லாமல் நடக்கும் செயல் என்பதற்கே இதைச் சான்று காட்டினேன்.

சுவர்களும் வண்ணங்களும்

இசைக்கு இடம் குறைந்தது போலவே ஓவியத்துக்கும் நேர்ந்தது. சென்னைச் சாலைகளில் ஒரு காலத்தில் ஓங்கி நின்ற கையால் வரைந்த சினிமா விளம்பரப் பலகைகளை, கணிப்பொறியில் அச்சாகும் பிளெக்ஸ் பேனர்கள் வீழ்த்தின. அப்பலகைகளை வரைந்த ஓவியர்கள் வேலை இழந்தனர். இந்நிலையில் 2009-இல் மாநகராட்சி அண்ணா சாலை முதலிய முக்கியச் சாலைகளின் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுவதைத் தடை செய்து, அச்சுவர்களில் தமிழர் பண்பாட்டைக் காட்டும் ஓவியங்களைத் தீட்டச் செய்தது. விளம்பரப் பலகை ஓவியர்களுக்கு அது வேலையாயிற்று. நகரம் அழகுபெற வேண்டும் என்ற அலுவலக நோக்கமும், கலைஞன் வயிறு நிறைய வேண்டும் என்ற தேவையும் ஒரே சுவரில் சந்தித்தன.

2020-இல் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரிலும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடு அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டு ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களின் இருப்பிடத்தைப் பிறர் தேடிவந்து பார்க்கும்படி செய்தது பாராட்டுக்குரியதே. ஆனால் சுவரில் வண்ணம் பூசுவதோடு நின்றுவிடாமல், அச்சுவருக்குள் வாழும் பிள்ளை கையில் தூரிகை எடுக்கவும் வழி பிறக்க வேண்டும். அப்போதுதான் அது முழுமையான கலைப்பணியாகும்.

திருவிழாவும் அன்றாடமும்

சென்னை சங்கமம் என்னும் விழா 2007-இல் பொங்கலை ஒட்டித் தொடங்கியது. பறை, கரகம், ஒயில், தெருக்கூத்து ஆகியவை பூங்காக்களுக்கும் திடல்களுக்கும் வந்தன. 2011-க்குப் பின் நின்றுபோன அவ்விழா 2023-இல் மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறையால் மீண்டும் தொடங்கப்பட்டது. இவ்விழா வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருவிழா என்பது விருந்து. அன்றாடச் சோறு வேறு. விருந்து ஒரு தசாப்தம் தவறினாலும் உயிர் வாழலாம், சோறு தவறக்கூடாது. அன்றாடச் சோற்றை வழங்க ஏற்றது மாநகராட்சியே. ஏனெனில் பூங்காவின் சாவியும் பள்ளிக்கூடத்தின் சாவியும் அதனிடம்தான் உள்ளன.

பணம் எங்கிருந்து வரும்?

“எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்கலாம். இதற்கு விடை நம் மாநிலத்திலேயே உண்டு. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் என்ன செய்தது? சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என ஒரு சிறு தொகையை உள்ளாட்சிகள் வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வழி வகுத்தது. யாருடைய தயவையும் எதிர்பாராமல் ஊர்தோறும் நூலகம் நடக்க இதுவே அடித்தளம். நான் இக்கட்டுரைக்குப் படித்த நூல்களும் அத்தகைய கிளை நூலகத்திலிருந்து எடுத்தவையே.

கலைக்கு அவ்வாறு தனி வரி தேவையில்லை. கலையே வரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின், உள்ளாட்சிகள் விதித்து வசூலிக்கும் கேளிக்கை வரி மட்டுமே தனியாக நிலைத்தது. அதற்கென்று தமிழகத்தில் அவ்வாண்டே தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. மக்கள் கேளிக்கைக்குச் செலுத்தும் வரியில் ஒரு சிறு பங்கையேனும் அந்தந்த வட்டத்துக் கலைஞரின் ஊதியத்துக்கென்று ஒதுக்குவது நியாயமன்றோ? அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் பொதுக் கட்டடச் செலவில் நூற்றில் ஒரு பங்கு கலைக்கு என்று 1959-இலேயே விதி செய்தது. நூற்றில் ஒன்று என்றால் எவருக்கும் சுமையன்று. ஆனால் நிலையான வருவாய்.

சில மறுப்புகள்

முதல் மறுப்பு: “மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், இதில் பாட்டு ஒரு கேடா?” மழைநீர் வீட்டுக்குள் வரும் பகுதியில் வாழ்பவன் என்பதால் இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் 1930-இல் மட்டும் சென்னையில் எல்லாத் தெருவிலும் நல்ல வடிகால் இருந்ததா? அன்றும் பணம் பற்றாக்குறைதான். மேலும் நாம் கேட்பது பெரும்பாலும் புதுச் செலவன்று. மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் அறைகளையும் வெறுமையாய்க் கிடக்கும் மேடைகளையுமே கேட்கிறோம்.

இரண்டாம் மறுப்பு: ஒலி மாசு. இது உண்மையான சிக்கல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு வரம்பு 45. சாதாரண உரையாடலே ஏறக்குறைய 60 டெசிபல் என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆகவே 1930-ஐப் போல் ஒலிபெருக்கி கட்டச் சொல்வது இன்று பொருந்தாது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போது ஒலி 6 டெசிபல் குறையும். பூங்காவின் நடுவே, ஒலிபெருக்கி இல்லாமல், கலைஞரே நேரில் வாசிக்கட்டும். மாலை எட்டு மணிக்குள் முடியட்டும். கேட்க வேண்டியவர் அருகே வருவார். உறங்க வேண்டியவர் உறங்குவார்.

மூன்றாம் மறுப்பு: வாய்ப்பு வேண்டியவர்களுக்கே போகும் என்பது. வட்டத்தில் உள்ள கலைஞர்களின் பெயர்களைப் பதிவு செய்து, வரிசை முறையில் அழைத்து, அப்பட்டியலைப் பூங்கா வாசலிலேயே எழுதி வைத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நான் முன்வைக்கும் கருத்துகள் நான்கு. ஒன்று, மாநகராட்சியின் 200 வட்டங்களிலும் ஒரு பூங்காவில் மாதம் ஒரு மாலை, அவ்வட்டத்துக் கலைஞர்க்கு உரிய ஊதியத்தோடு மேடை வேண்டும். இரண்டு, மாநகராட்சிப் பள்ளி அறைகளையும் சமுதாயக் கூடங்களையும் வேலை நேரம் முடிந்தபின் பயிற்சிக்குத் திறந்துவிட வேண்டும். மூன்று, கேளிக்கை வரியில் ஒரு பங்கைக் கலைக்கென எழுதி வைக்க வேண்டும். நான்கு, நம்மைச் சார்ந்தது. எந்தத் தெருவில் எந்தக் கலைஞர் இருக்கிறார் என்ற பட்டியல் எவரிடமும் இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், தெருவைப் பெருக்குகிறோம். அடுத்த முகாமில் ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்குள்ள பறை, பேண்டு, நாதஸ்வரம், கூத்து, கானா, ஓவியம் ஆகியவற்றில் வல்லவர்களின் பெயர்களைத் தொகுத்து மாமன்ற உறுப்பினரிடம் கொடுக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

மூன்று மின்விசிறிகளின் மின்திறன்கூட இல்லாத ஒரு கருவியைக் கொண்டு இந்த நகரம் தன் கூலித் தொழிலாளர்க்கு எட்டு ஆண்டுகள் இசை வழங்கியது. இன்று நம்மிடம் திறனுக்குப் பஞ்சமில்லை. பூங்காக்கள் இருக்கின்றன, கலைஞர்கள் இருக்கிறார்கள், கேட்கும் காதுகளும் இருக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் கூட்டிவைக்கும் வேலைதான் மிச்சம். அதைச் செய்ய வேண்டியது யார் என்பது பன்னிரண்டாம் அட்டவணையில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.